யானையைப் பறிகொடுத்த கைஸ்ஸா

சதுரங்கம் ஆடத் தெரிந்தவரா நீங்கள்? ஆட்டத்தின் நடுவே எதிராளி காரணமே இல்லாமல் ஒரு யானையைக் கொண்டுவந்து உங்கள் அரசியின் வாயருகே வைக்கிறார் என்று கொள்ளுங்கள். கவனப் பிசகு என்று எண்ணி, மகிழ்ச்சியோடு வெட்டிவிடுவீர்கள் அல்லவா? 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கனடாவிலுள்ள டொரான்டோ நகரில் அப்படி ஒரு யானை வெட்டுப்பட்டது. கொடுத்ததும் கணிப்பொறி, வெட்டியதும் கணிப்பொறி. அந்தக் கதைக்கு வருமுன் பத்தாண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும்.

1966 நவம்பரில் இரு கணிப்பொறிகள் கண்டம் விட்டுக் கண்டம் சதுரங்கம் ஆடத் தொடங்கின. ஒன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 7090. மற்றது மாஸ்கோவில் கோட்பாட்டு, செய்முறை இயற்பியல் நிறுவனத்தில் இருந்த எம்-20. நகர்த்தல்கள் தந்தியில் பறந்தன. ஒரே சமயத்தில் நான்கு ஆட்டங்கள். முடிய ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. இரண்டில் மாஸ்கோ வென்றது, இரண்டு சமனாயின.

ஏன் மாஸ்கோ வென்றது? இயந்திர வலிமையால் அன்று. கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர் 1950லேயே இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். ஒருவர் ஒரு முறை காய் நகர்த்துவதை ஒரு 'படி' என்போம். குறிப்பிட்ட படிகள் வரை எல்லா நகர்த்தல்களையும் ஒன்று விடாமல் ஆராய்வது முதல் வழி. நல்லவையாகத் தோன்றும் சிலவற்றை மட்டும் பொறுக்கி ஆராய்வது இரண்டாம் வழி. மனிதர் ஆடுவது இரண்டாம் வழியில்தான். அமெரிக்கக் குழு அதைப் பின்பற்றியது. ஆனால் பொறுக்கும் வேலையிலேயே கணிப்பொறி தவறியது. வேண்டிய நகர்த்தலையும் குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிட்டது. மாஸ்கோ குழுவினர் முதல் வழியைத் தேர்ந்தனர். மூன்று படிகள் ஆராய்ந்த ஆட்டங்கள் சமனாயின; ஐந்து படிகள் ஆராய்ந்தவை வெற்றியாயின.

எல்லாவற்றையும் ஆராய்வது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கும். ஐந்து படிகளுக்கு 35ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: 5 கோடியே 25 லட்சத்துக்கும் மேல்! அக்காலப் பொறிக்கு இது மலை. ஆனால் ஒரு தந்திரம் உண்டு. நீங்கள் ஒரு நகர்த்தலை ஆராய்ந்து, இதனால் இழப்பு ஏதும் இல்லை என்று கண்டுவிட்டீர்கள். அடுத்த நகர்த்தலை எடுக்கிறீர்கள். எதிராளியின் முதல் பதிலிலேயே உங்கள் அரசி சும்மா போய்விடுகிறாள். அவருடைய மற்ற 34 பதில்களையும் பார்ப்பீர்களா? மாட்டீர்கள். அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். 'ஆல்ஃபா-பீட்டா' வெட்டு என்பது இதுவே. நல்ல நகர்த்தல்கள் எப்போதும் முதலில் வந்து நின்றால் ஐந்தேகால் கோடி வெறும் 44 ஆயிரமாகச் சுருங்கும். விடை மட்டும் மாறாது! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு மகிழ்ச்சி.

மாஸ்கோ நிறுவனத்தின் பெயரைக் கவனித்தீர்களா? இயற்பியல் நிறுவனம். கணிப்பொறி நேரம் சதுரங்கத்தில் கரைகிறதே என்று அங்கிருந்த இயற்பியலார் முணுமுணுத்தார்கள். நானும் இயற்பியல்காரன்தான், அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கணிப்பகத் தலைவர் அலெக்சாண்டர் குரோன்ராட் 1968இல், மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்ட ஒரு கணித அறிஞருக்காக எழுதிய கூட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டுப் பதவி இழந்தார். சதுரங்கக் குழு வேறொரு நிறுவனத்துக்குச் சென்று, பிரிட்டிஷ் கணிப்பொறி ஒன்றில் புதிய ஆணைத்தொடரை எழுதியது. அதற்குச் சூட்டிய பெயர் கைஸ்ஸா. சதுரங்கத்தின் தேவதையாக வில்லியம் ஜோன்ஸ் 1763இல் தம் கவிதையில் பாடிய பெயர் அது. பின்னாளில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தைத் தோற்றுவித்த அதே ஜோன்ஸ்தான்!

1974 ஆகஸ்டில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் முதல் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டி நடந்தது. 13 ஆணைத்தொடர்கள், நான்கு சுற்றுகள். கைஸ்ஸாவின் கணிப்பொறி மாஸ்கோவிலேயே இருந்தது; நகர்த்தல்கள் தொலைபேசியில் போய் வந்தன. அமெரிக்காவின் செஸ் 4.0தான் வெல்லும் என்பது பலரின் எண்ணம். அதுவோ இரண்டாம் சுற்றில் கேயாஸ் என்பதனிடம் தோற்றது. தோற்றவர் வெளியேறும் போட்டியாக இருந்தால் அன்றோடு பெட்டி கட்டியிருக்க வேண்டும். இங்கே தொடர்ந்து ஆட முடிந்தது. கைஸ்ஸா நான்கிலும் வென்று பட்டம் பெற்றது. எனினும் இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. போட்டி முடிந்தபின் தனியே ஆடவிட்டார்கள்; சமனாயிற்று. யார் பெரியவர் என்ற கேள்வி மூன்றாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி டொரான்டோ. முதல் சுற்றிலேயே கைஸ்ஸாவுக்கு எதிரே டியூக் பல்கலைக்கழகத்தின் டச்சஸ். 34ஆம் நகர்த்தலில் டச்சஸின் அரசி மூலைக்கு வந்து 'செக்' சொன்னாள். கைஸ்ஸாவின் அரசன் ஒரு கட்டம் விலகினால் போதும் என்றே எல்லோருக்கும் பட்டது. கைஸ்ஸாவோ குறுக்கே யானையை வைத்தது. அரசி அதைச் சும்மா வெட்டினாள். அரங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் போட்வின்னிக் உட்படப் பலர் அமர்ந்திருந்தனர். ஆணைத்தொடரில் ஏதோ பிழை என்றே எண்ணினார்கள். கைஸ்ஸா மேலும் சிறிது போராடித் தோற்றது.

மறுநாள், அரசனை விலக்கியிருந்தால் என்ன ஆகும் என்று கைஸ்ஸாவிடமே கேட்டார்கள். விடை வந்தது: மேட்! டச்சஸ் தன் அரசியைக் கறுப்பு அரசனின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கும். அரசன் வெட்டியே ஆகவேண்டும். பிறகு மந்திரியின் செக், கடைசி வரிசையில் யானையின் செக். கறுப்பு எதைக் கொண்டு மறைத்தாலும் அது வெட்டுப்பட்டு ஆட்டம் முடியும். அரங்கில் அமர்ந்திருந்த ஒருவரும் இதைக் காணவில்லை.

அப்படியானால் கைஸ்ஸா செய்தது சரியா? என் கருத்தில், ஆடுவது மனிதனாக இருந்தால் அரசனைத்தான் விலக்கியிருப்பான். 'எதிராளிக்கு இது தோன்றாமல் போகலாம்' என்று துணிந்திருப்பான். யானையை இழந்தால் எப்படியும் தோல்வி. ஆனால் தான் கண்டதை எதிராளியும் காண்பான் என்பதே கைஸ்ஸாவின் கணக்கின் அடிப்படை. எதிராளி ஏமாறக்கூடும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை.

அந்தப் போட்டியில் செஸ் 4.6 நான்கு ஆட்டங்களையும் வென்று பட்டத்தைப் பறித்தது. இம்முறையும் தனியே ஓர் ஆட்டம் வைத்தார்கள், கைஸ்ஸா தோற்றது.

சென்ற மாதம் விடுதி மாணவர்கள் நால்வருக்கு அந்த 34ஆம் நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டினேன். கால் மணி நேரம் பார்த்தார்கள். நால்வரும் அரசனைத்தான் விலக்கினார்கள்.