காதில் குத்திய பித்தான்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது பிச்சாட்டூர். இந்தச் சாலையோர ஊர்களின் ஃபேன்சி ஸ்டோர்களில் பாலித்தீன் உறைக்குள் பஞ்சு பொம்மைகள் தொங்குகின்றன. மஞ்சள் நிற பிக்காச்சு, தலையில் ரிப்பன் கட்டிய கிட்டி பூனை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் லபுபு. வாங்க வரும் பிள்ளைகளில் சிலர் விலை கேட்பதற்கு முன்பே, “ஒரிஜினலாண்ணா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நூற்றிருபது வயது தாண்டிவிட்டது.

ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847-ல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ வந்தது. கால்கள் போயின, வலது கையிலும் வலுவில்லை. தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுற்ற முடியாததால், இயந்திரத்தையே திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றித் தைத்தார். 1880-ல் ஊசி குத்திவைப்பதற்காகக் கம்பளித் துணியில் ஒரு குட்டி யானை செய்தார். ஊசிகளை எடுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடத் தொடங்கினார்கள். அங்கிருந்து பொம்மைத் தொழில் வளர்ந்தது. 1902-ல் தம்பி மகன் ரிச்சர்ட் கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். மறு வருடம் லைப்சிக் சந்தையில் ஒரு அமெரிக்க வியாபாரி மூவாயிரம் கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கட்டிப்போட்டிருந்த கரடியை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சுட மறுத்த செய்தி கேலிச்சித்திரமாக வந்து, அமெரிக்கா முழுவதும் ‘டெட்டி’ கரடி மோகம் பரவத் தொடங்கிய நேரம் அது.

விற்பனை பெருகினால் போலியும் பெருகும். 1904-ல் தம்பியின் இன்னொரு மகன் ஃப்ரான்ஸ் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பொம்மையின் இடது காதிலும் ஒரு உலோகப் பித்தானைக் குத்திவிடுவது. காதில் பித்தான் இருந்தால் அது கீங்கனில் தைத்தது. இன்று ஏலத்துக்கு வரும் பழைய கரடிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்தக் காதைத்தான்.

ஆனால் பித்தான் சொல்வது ‘யார் செய்தது’ என்பதை மட்டும்தான். ‘யாருடைய உருவம்’ என்ற கேள்வியை எழுப்பியவர் இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர். நீலக் கோட்டு போட்ட முயல் பீட்டரின் கதையை 1902-ல் ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவில் பதிப்புரிமை பதியாமல் விட்டதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன. அந்த இழப்பைப் பார்த்த பாட்டர் பொம்மை விஷயத்தில் காத்திருக்கவில்லை. தானே துணி வெட்டி முயலைத் தைத்து, பிரஷ்ஷிலிருந்து மயிர் பிடுங்கி மீசை வைத்து, 1903 டிசம்பர் 28 அன்று லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிந்தார். கதைப் பாத்திரம் ஒன்று கடையில் விற்கும் பொருளாகவும் தன்னைப் படைத்தவருக்கே சொந்தமாக இருக்கும் என்ற ஏற்பாடு இங்கே வேர்விடுகிறது. இன்று பொம்மையின் காதிலும் வாலிலும் தொங்கும் உரிம டேக்குகளுக்கு இந்த முயல்தான் மூதாதை.

பித்தானும் உரிமையும் ஒரே பொம்மையில் சேர்ந்ததைப் பார்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டும். அங்கே சார்லட் கிளார்க் என்ற தையல்காரப் பெண்மணி 1930-ல் மிக்கி மவுஸை வெல்வெட்டில் செய்ய விரும்பினார். பார்த்துத் தைக்க நல்ல படம் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்பது? ஓவியம் வரையத் தெரிந்த பதின்வயது உறவுப் பையன் பாப் கிளாம்பெட், சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பார்த்து மிக்கியை வரைந்து கொடுத்தான். பொம்மையைக் கண்ட வால்ட் டிஸ்னிக்குப் பிடித்துப்போயிற்று. அனுமதி கிடைத்தது. பெண்கள் சிலரை வைத்துக் கையால் தைத்தும் தேவைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அதனால் மெக்கால் நிறுவனம் மிக்கி பொம்மைக்கான வெட்டுப்படிவத்தையே அச்சிட்டு விற்றது. கடையில் வாங்க முடியாத தாய், உரிமம் பெற்ற அந்தக் காகிதத்தை வைத்துத் துணி வெட்டி, வீட்டிலேயே மிக்கி தைக்கலாம். இந்த வணிகத்தின் வரலாறு முழுவதிலும் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். உரிமை வைத்திருப்பவரும், தைக்கும் கையும், கட்டிப்பிடிக்கும் குழந்தையும் இவ்வளவு அருகில் அதற்குப் பிறகு வரவில்லை.

பிறகு கதை கிழக்கே வருகிறது. ஷின்தாரோ ட்சுஜி 1960-ல் தொடங்கிய கம்பெனி சான்ரியோவாகி, 1974-ல் யூகோ ஷிமிசு வரைந்த கிட்டி பூனையை உலகெங்கும் அனுப்பியது. 1985-ல் செகா நிறுவனம் யுஎஃப்ஓ கேட்சர் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. காசு போட்டு, இரும்பு நகத்தால் பொம்மையைத் தூக்கும் ஆட்டம். அந்த இயந்திரங்களுக்குள் இருக்கும் பொம்மைகள் பல முறையான உரிமம் பெற்றவை, ஆனால் கடையில் கிடைக்காதவை. ஜெயித்தால்தான் உண்டு. ஆசியச் சந்தைப் பொம்மைகளை உலகம் தேடித் தேடிச் சேர்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. ஒரு வகை ஜப்பானில் மட்டும், ஒரு வகை இயந்திரத்தில் மட்டும், ஒரு வகை குறிப்பிட்ட பருவத்துக்கு மட்டும். 2018-ல் பிக்காச்சு உள்ளிட்ட முதல் தலைமுறைப் பொக்கிமான் உருவங்கள் 151-ஐயும் உள்ளங்கை அளவில் பொம்மையாக்கியபோது, 151-ஐயும் சேர்த்தே தீர வேண்டும் என்று கிளம்பியவர்கள் எத்தனையோ பேர்.

லபுபு இந்த வரிசையில் இளையது. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லங் 2015-ல் ஒரு படக்கதைக்காக வரைந்த உருவம். 2019-ல் பெய்ஜிங்கின் பாப் மார்ட் உரிமம் பெற்றது, 2023-ல் சாவிக்கொத்துப் பஞ்சு பொம்மையாக்கியது. 2024-ல் பாடகி லிசாவின் பையில் அது தொங்கியதைக் கண்டு ஆசியா முழுவதும் வரிசை நின்றது. போலிக்கு லஃபுஃபு என்று தனிப்பெயரே வந்துவிட்டது. அசலுக்கு ஒன்பது பல், பெட்டியில் ஒளிரும் ஸ்டிக்கர், கியூஆர் கோடு. கீங்கனின் பித்தான் எடுத்த புது அவதாரங்கள் இவை.

நம் ஊருக்கு இதில் இன்னொரு முத்திரையும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது கதாபாத்திர உரிமையைப் பற்றியதல்ல, பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றியது. பிய்ந்து வரும் கண், விஷச் சாயம், எளிதில் தீப்பற்றும் பஞ்சு இவற்றைச் சோதிப்பது. இறக்குமதி வரியும் 20 சதவீதத்திலிருந்து 2020-ல் 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. ஜப்பானிலிருந்து ஒரு பிக்காச்சுவை வரவழைப்பது பிச்சாட்டூர்ப் பிள்ளைக்கு எட்டாத செலவு. அதனால்தான் கடையில் போலி தொங்குகிறது. விலை எட்டாத இடத்தில் ஆசையைக் குற்றமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கண் பிய்ந்துவரும் பொம்மையை அந்தப் பிள்ளையிடம் விற்பவர்மேல்தான் கோபம் வருகிறது.

பிச்சாட்டூர் இருக்கும் இதே திருப்பதி மாவட்டத்தில், சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் விரிந்திருக்கும் ஸ்ரீசிட்டியில், பால்ஸ் பிளஷ் என்ற ஆலை பஞ்சு பொம்மைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஆக, பொம்மை நமக்கு வந்துசேரும் பொருள் மட்டுமல்ல, நம்மிடமிருந்து புறப்படும் பொருளும்கூட. சேகரிக்கத் தொடங்கும் பிள்ளைகள் ஓரத் தையலில் இருக்கும் சின்ன வெள்ளை டேக்கையும் திருப்பிப் படிக்க வேண்டும். உருவத்தின் உரிமையாளர் பெயர், உரிமம் பெற்றவர் பெயர், உள்ளே அடைத்திருக்கும் பஞ்சு என்ன வகை, எந்த நாட்டில் தைத்தது என்று பல விவரங்கள் அதில் இருக்கும். தைத்தவர் பெயருக்கு மட்டும் அதில் இன்னும் இடம் ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.