இல்லமும் வழிபாட்டிடமும்: அமெரிக்க ஐக்கிய நாட்டில் வீட்டு வழிபாட்டுக் கூட்டங்கள் குறித்த நிலப்பயன்பாட்டு வழக்குகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தனியார் இல்லங்களில் நடைபெறும் வழிபாட்டுக் கூட்டங்களை அரசு எவ்வாறு வரையறுத்தது, எந்த அடிப்படையில் கட்டுப்படுத்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 17ஆம் நூற்றாண்டின் டச்சு, ஆங்கிலேயத் தடைச்சட்டங்களும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நில மண்டல விதிகளும் ஒப்பிடப்படுகின்றன. தடையின் காரணம் நம்பிக்கையிலிருந்து நிலப்பயன்பாட்டுக்கு மாறியது. ஆயினும் தலைகளை எண்ணுதல், குடும்பத்தாரையும் வெளியாரையும் பிரித்தல், அயலார் முறையீட்டைச் சார்ந்திருத்தல் ஆகிய மூன்று வழிமுறைகளும் இரு காலங்களிலும் ஒத்துக் காணப்படுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: வீட்டு வழிபாடு, நில மண்டல விதி, குவேக்கர், ஃபிளஷிங், சமயச் சுதந்திரம்.

முன்னுரை

ஒரு சமயக்குழு புதிய ஊரில் குடியேறும்போது அதன் முதல் வழிபாட்டிடம் பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய வீட்டுக் கூடமாகவே அமைகிறது. நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் பொருள் சேரும்வரை அக்கூடமே அவர்களுக்குக் கோயிலும் பள்ளியும் ஆகும். ஆகவே வீட்டில் கூடுவதற்கு விதிக்கப்படும் வரம்பு, எல்லாச் சமயத்தாரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஏற்கெனவே கட்டடம் உடைய பெரும்பான்மையினரை அது தொடுவதில்லை. புதியோரையும் சிறு குழுக்களையும் அது தடுத்து நிறுத்துகிறது. மறுபுறம், அமைதியான தெருவை எண்ணி வீடு வாங்கியவர்களுக்கும் வாழ்வுரிமை உண்டு. வாரந்தோறும் வாயிலை அடைத்து நிற்கும் வாகனங்கள் அவர்களுக்கு உண்மையான இடையூறே. இவ்விரு நலன்களுக்கும் இடையில் சட்டம் எங்கே கோடு வரைந்தது என்பதே இங்கு ஆய்வுப்பொருள்.

நியூ நெதர்லாந்தும் ஃபிளஷிங் ஊரும்

டச்சுக் குடியரசில் சீர்திருத்தத் திருச்சபைக்கு மட்டுமே பொது வழிபாட்டுரிமை இருந்தது. எனினும் பிறர் தம் மனச்சான்றின்படி வீட்டுக்குள் வழிபடுவது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் 1663இல் கத்தோலிக்க வணிகர் ஒருவரின் வீட்டு மேல்மாடங்களில் அமைந்த தேவாலயம் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது வெறும் வீடு. உள்ளே முழுமையான தேவாலயம். தெருவுக்குத் தெரியாதவரை வழிபாடு தனியார் செயல் என்பதே அக்கால டச்சு நடைமுறையின் உட்பொருள்.

அமெரிக்காவிலிருந்த டச்சுக் குடியேற்றமான நியூ நெதர்லாந்தில் இந்நடைமுறை இறுக்கமடைந்தது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டின் ஆட்சியில் 1656இல் பிறந்த ஆணை, அனுமதியற்ற தனிக்கூட்டங்களைத் தடைசெய்து, போதிப்போர்க்கும் கலந்துகொள்வோர்க்கும் தண்டம் விதித்தது. அதே ஆணை, ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்துடன் மறைநூல் வாசிப்பதையும் செபிப்பதையும் தடுக்கவில்லை என்றும் கூறியது. குடும்பம் வழிபட்டால் உரிமை, குடும்பத்துடன் பிறர் சேர்ந்தால் குற்றம் என்ற பாகுபாடு இவ்வாணையில் தெளிவாக இடம்பெற்றுள்ளது. அதே ஆண்டில், அங்குக் குடியேறிய யூதர்கள் தம் வீடுகளுக்குள் அமைதியாக வழிபடலாம் என்று டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஸ்டைவசன்ட்டுக்கு எழுதினர்.

லாங் தீவிலிருந்த ஃபிளஷிங் ஊரின் 1645ஆம் ஆண்டுப் பட்டயம் அவ்வூராருக்கு மனச்சான்றுச் சுதந்திரத்தை வழங்கியிருந்தது. குவேக்கர்களுக்கு இடமளிப்போர் தண்டிக்கப்படுவர் என்ற ஆணை வந்தபோது, அவ்வூரார் சுமார் 30 பேர் 1657 டிசம்பர் 27 அன்று ஓர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். ஃபிளஷிங் எதிர்ப்பு மனு என இன்று வழங்கப்படும் அந்த ஆவணத்தின் சிறப்பு, கையெழுத்திட்டோர் குவேக்கர்களாக இல்லாமலே குவேக்கர்களுக்காகப் பேசியதில் உள்ளது. ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் உள்ளிட்ட சிலர் கைதாயினர்.

1662இல் ஜான் பௌன் என்பவர் தம் வீட்டில் குவேக்கர் கூட்டங்களை அனுமதித்ததற்காகக் கைதுசெய்யப்பட்டார். தண்டம் கட்ட மறுத்ததால் சிறையிலிடப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். அவர் ஆம்ஸ்டர்டாம் சென்று கம்பெனியிடம் முறையிட்டார். பிறருக்கு இடையூறு செய்யாமலும் அரசை எதிர்க்காமலும் வாழும் வரையில் மக்களின் மனச்சான்றை வற்புறுத்த வேண்டாம் என 1663 ஏப்ரலில் இயக்குநர்கள் ஸ்டைவசன்ட்டுக்கு எழுதினர். குடியேற்றத்துக்கு மக்கள் தேவை என்ற வணிகக் கணக்கும் அதில் கலந்திருந்தது. பௌன் ஊர் திரும்பினார். 1694இல் தனிக் கூட்ட மனை எழும்பும்வரை, 30 ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வீடே ஃபிளஷிங் குவேக்கர்களின் கூடுமிடமாக விளங்கியது.

இங்கிலாந்துச் சட்டங்களும் தலைக்கணக்கும்

இதே காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றம் வீட்டுக் கூட்டங்களை எண்ணிக்கையால் அளந்தது. 1664ஆம் ஆண்டுத் தனிக்கூட்டச் சட்டத்தின்படி, நிறுவப்பட்ட திருச்சபை முறைக்கு மாறான வழிபாட்டுக்காக, வீட்டார் நீங்கலாக 16 வயதும் அதற்கு மேலும் உடைய ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடினால் குற்றம். 1670ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, கலந்துகொள்வோருக்கு முதல் முறை 5 ஷில்லிங்கும், போதிப்பவருக்கும் வீட்டுக்குரியவருக்கும் 20 பவுண்டும் தண்டம் விதித்தது. தண்டத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவருக்குச் சேர்ந்தது. இதனால் அண்டை வீட்டாரின் கண்ணே சட்டத்தின் கருவியாயிற்று.

1689ஆம் ஆண்டுப் பொறுதிச் சட்டம் இந்நிலையைத் தளர்த்தியது. கூடுமிடத்தைப் பதிவுசெய்தல் வேண்டும். கூட்டம் நடக்கும்போது கதவு பூட்டப்படவோ தாழிடப்படவோ கூடாது என்பன அதன் நிபந்தனைகள். டச்சு நடைமுறை வழிபாட்டை மறைக்கச் சொன்னது. ஆங்கிலச் சட்டம் திறந்து காட்டச் சொன்னது. கத்தோலிக்கர்களுக்கு இச்சட்டத்தின் பயன் கிட்டவில்லை. 1812ஆம் ஆண்டுச் சட்டம் 1670ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, பதிவின்றிக் கூடக்கூடிய வெளியாரின் எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. ஐந்து இருபதாயிற்று; எண்ணும் வழக்கம் நின்றுவிடவில்லை.

நில மண்டல விதிகளின் தோற்றம்

அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தபின், நம்பிக்கையைக் காரணமாகக் காட்டி வழிபாட்டைத் தடுக்கும் வழி கூட்டரசுக்கு அடைபட்டது. 20ஆம் நூற்றாண்டில் அத்தடை மாநிலங்களுக்கும் விரிந்தது. அதே நூற்றாண்டில் முற்றிலும் வேறான நோக்குடன் நில மண்டல விதிகள் தோன்றின. நகர் முழுமைக்குமான முதல் மண்டல விதியை நியூயார்க் நகரம் 1916இல் இயற்றியது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் 1926இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் அரசமைப்புக்கு உட்பட்டவை எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் எழுதிய அத்தீர்ப்பு, குடியிருப்பை வணிகத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் பிரிப்பதற்குச் சட்ட அடித்தளமிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் புறநகர்கள் பெருகின. கார் வழிபாட்டுக்கும் ஊர்தியாயிற்று. கலிஃபோர்னியாவின் போர்ட்டர்வில் நகரம் தனிக்குடும்ப வீட்டு மண்டலத்தில் தேவாலயங்களை விலக்கியதை அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1949இல் ஏற்றது. நியூயார்க் மாநில உயர் நீதிமன்றமோ 1956இல் பிரைட்டன் ஊர் தொடர்பான வழக்கில் எதிர்நிலை எடுத்தது. வழிபாட்டிடம் பொது நலனுக்கு உகந்தது, போக்குவரத்தோ நிலமதிப்போ மட்டும் அதை விலக்கப் போதிய காரணமாகா என்பது அதன் பார்வை. இவ்விரு வழக்குகளும் தனிக் கட்டடங்களைப் பற்றியவை. வீடே வழிபாட்டிடமாகும்போது எழும் சிக்கலை அவை தீர்க்கவில்லை.

வீடு எப்போது வழிபாட்டிடம் ஆகிறது?

1983இல் ஃபுளோரிடாவின் மயாமி பீச் நகர வழக்கு இவ்வினாவை நேரடியாக எழுப்பியது. முதிய யூத ரப்பி ஒருவர் தம் வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகையைத் தொழுகைக்கூடமாக மாற்றியிருந்தார். ஆர்த்தடாக்ஸ் யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆடவர் பதின்மர் தேவை. நண்பர் பதின்மருடன் வீட்டில் செபிப்பதை விதி தடுக்கவில்லை, ஒழுங்கமைக்கப்பட்டுப் பொதுமக்கள் கலந்துகொள்ளும் வழிபாட்டையே தடுக்கிறது என்பது நகராட்சியின் நிலைப்பாடு. மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சில தெருக்கள் தள்ளி வழிபாட்டிடம் அனுமதிக்கப்பட்ட மண்டலம் இருந்ததை அது சுட்டிக்காட்டியது. ஓய்வுநாளில் வாகனம் ஏறாமல் நடந்தே வரவேண்டிய முதியோருக்கு அச்சில தெருக்களின் தொலைவும் பொருட்படுத்தத்தக்கது என்பதை இங்குக் கருதுதல் வேண்டும்.

1985இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்பில் ஒரு கிறித்தவப் போதகர் நிலையான கட்டடம் இல்லாத தம் சபையின் ஞாயிறு வழிபாட்டை வாரம் ஒருமுறை தம் வீட்டில் நடத்தினார். தேவாலயங்களையும் அவை போன்ற வழிபாட்டிடங்களையும் கட்டுப்படுத்திய விதி அவருக்குப் பொருந்துமா என்பது வினா. அச்சொற்கள் இத்தகைய கூட்டத்தையும் குறிக்கின்றன என்று ஒருவர் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் அளவுக்குத் தெளிவாக இல்லை எனக் கூறி நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. சமயச் சுதந்திரம் பற்றிய பெரிய வினாவை விடுத்துச் சொல்லின் பொருளையே அது தீர்ப்பின் மையமாக்கியது.

நியூயார்க் மாநிலத்தின் ஏர்மான்ட் கிராம நகராட்சி வழக்கு, நடுநிலையான விதியின் பின்னால் நடுநிலையற்ற நோக்கம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டியது. ராமப்போ டவுனிலிருந்து பிரிந்து 1991இல் உருவான இக்கிராமம், மண்டல அதிகாரத்தைப் பயன்படுத்தி வீட்டுத் தொழுகைக்கூடங்களைத் தடுத்து, ஆர்த்தடாக்ஸ் யூதர்களை விலக்கவே தோற்றுவிக்கப்பட்டது என்பது வழக்குத் தொடுத்தோர் வாதம். கிராமத்துக்கு எதிரான நடுவர் குழுவின் முடிவை 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது.

2000ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னும்

அனைவருக்கும் பொதுவான நடுநிலைச் சட்டம் சமயச் செயலைத் தற்செயலாகப் பாதித்தால் அதற்குத் தனி விலக்கு தேவையில்லை என 1990இல் உச்ச நீதிமன்றம் ஆரிகன் மாநில வழக்கொன்றில் கூறியது. இதை மாற்ற 1993இல் இயற்றப்பட்ட சட்டத்தை, மாநிலங்களைப் பொறுத்தவரை 1997இல் டெக்சஸின் போர்னி நகர வழக்கில் அதே நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வழக்கே தேவாலயம் ஒன்றை விரிவாக்க அனுமதி மறுக்கப்பட்டதிலிருந்து எழுந்ததாகும். இதன் விளைவாக, சமய நிலப்பயன்பாட்டைப் பாதுகாக்கும் தனிச்சட்டம் 2000 செப்டம்பர் 22 அன்று அதிபர் கிளின்டனின் ஒப்புதல் பெற்றது. தக்க காரணமின்றிச் சமயச் செயலுக்குக் கணிசமான சுமை ஏற்றக்கூடாது. சமயக் கூட்டத்தைச் சமயம் சாராத கூட்டத்தைவிடத் தாழ்வாக நடத்தக்கூடாது என்பன அதன் இரு தூண்கள்.

2005இல் வெளிவந்த இரு மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இச்சட்டத்தின் வலிமையையும் எல்லையையும் காட்டுகின்றன. ஃபுளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஒரு ரப்பியின் வீட்டுக் கூட்டங்கள் தொடர்பாக, அதே அளவில் கூடும் சமயம் சாராத குழுக்களுக்கு இல்லாத கண்டிப்பு வழிபாட்டுக்குக் காட்டப்பட்டது தவறு என நீதிமன்றம் முடிவுசெய்தது. கனெக்டிகட்டின் நியூ மில்ஃபர்டில் 1994 முதல் ஞாயிறுதோறும் நடந்த செபக் கூட்டத்துக்கு, அயலார் முறையீட்டின்பேரில், குடும்பத்தார் அல்லாதோர் 25 பேர் என்ற வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. கீழமை நீதிமன்றம் வீட்டாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், உள்ளூரில் விலக்குக் கோரும் வழியை அவர்கள் முதலில் நாடவில்லை என்ற காரணத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 25 என்ற எண் சரியா என்ற வினா விடை பெறவில்லை.

ஒப்பீடு

1664இல் 5, 1812இல் 20, நியூ மில்ஃபர்டில் 25. இவ்வெண்களை அடுத்தடுத்து வைத்து, அடக்குமுறையின் தொடர்ச்சி என்று முடிவுகட்டுவது எளிது. அது பிழையான முடிவு. தனிக்கூட்டச் சட்டம் பிறந்தது கிளர்ச்சி பற்றிய அச்சத்தில். மண்டல விதி பிறந்தது புகை, நெரிசல், தீ ஆகியவை பற்றிய கவலையில். ஒன்று சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் இட்டுச்சென்றது. மற்றது அறிவிப்புக்கும் தண்டத்துக்கும் இட்டுச்செல்கிறது. முன்னதிலிருந்து பின்னது கிளைத்தது என்பதற்கு மேற்கண்ட வழக்குகள் சான்றளிக்கவில்லை. வீட்டின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறிய வேண்டிய அதிகாரிக்கு எண்ணிக்கையும் அயலார் சொல்லுமே கைக்கெட்டும் சான்றுகள். இரு காலங்களின் ஒற்றுமை அங்கிருந்தே பிறக்கிறது.

எண்ணிக்கையோ செயலின் தன்மையைக் கூறுவதில்லை. பிறந்தநாள் விருந்துக்கு வரும் 30 பேரும் செபத்துக்கு வரும் 30 பேரும் தெருவில் நிறுத்தும் வாகனங்கள் ஒன்றே. இடையூறே காரணமாயின் விதி இடையூற்றை அளத்தல் வேண்டும். வழிபாடு என்ற பெயரை அளத்தல் ஆகாது. ஆரஞ்சு கவுண்டித் தீர்ப்பின் பயன் இங்கேதான் உள்ளது. ஆயினும் விருந்து ஆண்டுக்கொருமுறை வருவது, வழிபாடு வாரந்தோறும் வருவது என்ற அயலாரின் மறுமொழியையும் புறக்கணிக்க இயலாது. அடிக்கடி நிகழ்தல் என்ற அளவுகோல் நியாயமானதே. அது சீட்டாட்டக் குழுவுக்கும் செபக் குழுவுக்கும் ஒன்றாக இருக்கும்வரை.

முடிவுரை

ஜான் பௌனின் வீடு நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், அவர் குடும்பப் பெயரைத் தாங்கிய பௌன் தெருவில் இன்றும் நிற்கிறது. அதே தெருவில், முன்னர் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தில், 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்குக் கண்ட மகா வல்லப கணபதி தேவஸ்தானம் அமைந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவை அலுவலராயிருந்த கானாடுகாத்தான் அ. அழகப்பன் முன்னின்று 1970இல் தொடங்கிய சங்கம் எழுப்பிய கோயில் அது. அச்சங்கமும் ஒரு வீட்டுக் கூடத்தில் சிலர் கூடித் தொடங்கியதே. குவேக்கர்களுக்கு வீட்டிலிருந்து தனிமனைக்குச் செல்ல 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று; இக்கோயிலாருக்கு 7 ஆண்டுகள் போதுமானதாயின. சங்கம் தொடங்கிக் கோயில் எழுவதற்கு இடைப்பட்ட காலத்தில் வீட்டுக் கூடமே சமூகத்தைத் தாங்குகிறது. அக்காலத்தைச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பதைக்கொண்டே ஒரு நாட்டின் சமயச் சுதந்திரத்தை மதிப்பிடுதல் தகும். வீடு எந்தப் புள்ளியில் வழிபாட்டிடமாகிறது என்பதற்கு ஐந்தும் இருபதும் இருபத்தைந்தும் விடையாகவில்லை. ஒத்த கூட்டங்களை ஒப்ப நடத்துதல் என்ற கொள்கையே இதுகாறும் கிடைத்துள்ள விடைகளுள் உறுதியானதாகத் தோன்றுகிறது.