குமரி மாவட்டக் கிராமப்புற மாணவர்களுக்கான உயர்கல்வி, தலைமைப் பயிற்சி வாய்ப்புகள்

கன்னியாகுமரி மாவட்டக் கிராமப் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் உதவித்தொகைத் தேர்வுகள், இடஒதுக்கீடு, அரசுத் திட்டங்கள், மாணவர் அமைப்புகள் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது இம்மாவட்டம்.

இங்கே பள்ளிக் கல்வி அரசை எதிர்பார்த்துத் தொடங்கவில்லை. மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் தொடங்கிய கல்விப் பணி 1818இல் நாகர்கோவிலுக்கு மாறி, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது. 1952இல் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்தது. சபைகளும் சமுதாயங்களும் நடத்திய பள்ளிகளில் பல இன்று அரசு உதவிபெறும் பள்ளிகள். இந்த வரலாறுதான் மாணவரின் இன்றைய வாய்ப்பையும் தீர்மானிக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. உதவிபெறும் பள்ளியில் படித்த ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகளுக்கும் கட்டுமரக்காரர் மகனுக்கும் இதில் இடமில்லை. வறுமை ஒன்றாக இருக்க, பள்ளியின் நிர்வாகத்தை வைத்து அவர்களைப் பிரிப்பது நியாயமல்ல. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும் இதே குறை இருந்தது. 2022இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிகளுக்காகத் தொடங்கிய அத்திட்டம், 2024 டிசம்பர் 30 அன்று உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது.

கல்லூரிக்கான ஆயத்தம் எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்கள் அவ்வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் மனத்திறனுக்கு 90, பாடங்களுக்கு 90 என்று 180 கேள்விகள். தேர்வானால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு; மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவர். ஆண்டுக்கு 1,000 ரூபாய் சிறு தொகைதான், ஆனால் போட்டித் தேர்வுக்கு நல்ல பழக்கம். நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் உள்ள பள்ளிகளின் மாணவர்கள் இதை எழுத முடியாது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி, குழித்துறை நகராட்சிக்குள் இருக்கும் மார்த்தாண்டத்தில் படிக்கும் பிள்ளைகள் இதனால் விடுபடுகிறார்கள். ஊர்ப் பள்ளியில் படிப்பவருக்கு இது ஓர் ஆதாயம்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி, பிளஸ் டூ மாணவர்களுக்குப் படிப்புகளையும் சேர்க்கை முறைகளையும் விளக்குகிறது. கல்லூரியில் சேராமல் நின்றவர்களுக்கு ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன.

தலைமைப் பயிற்சிக்கு சாரணர், இளஞ்செஞ்சிலுவை, என்.சி.சி. ஆகியவை பழைய வழிகள். மேல்நிலை வகுப்புகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. 2024இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த ‘மகிழ் முற்றம்’ மாணவர்களை ஐந்திணைப் பெயர்களில் குழுக்களாக்குகிறது.  பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டி இவற்றிலிருந்து பிள்ளைகளை விலக்குவது தவறு.

கிராமப் பள்ளியிலிருந்து உயரம் தொட்டவர்கள் இம்மாவட்டத்திலேயே உண்டு. இங்குள்ள மேலச்சரக்கல்விளையில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த கே. சிவன் 2018இல் இஸ்ரோ தலைவரானார். மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் அதே பொறுப்பை ஏற்றார். பொறியியல் பட்டயத்தில் தொடங்கி காரக்பூர் ஐ.ஐ.டி. வரை சென்றவர் அவர்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு நெருங்கும்வரை காத்திருக்காமல், பெற்றோர் இவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.