ஆணியா, பந்தா?

போன மாதம் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 78. "இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு"ன்னு போன் வந்தது. எக்ஸ்ரேவைப் பார்த்தால் இடுப்பெலும்பு முழுசாகத்தான் இருந்தது. உடைந்தது தொடை எலும்பின் கழுத்து, அதாவது மேலே பந்து மாதிரி இருக்கும் பகுதியைத் தாங்கும் இடம். "ஸ்க்ரூ போடலாம், ஆனா பந்தை மாத்திடுறதுதான் நல்லது" என்றார் டாக்டர். உடைந்ததை ஒட்ட வைக்காமல் எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

பதில் 200 வருடம் பழையது. 1822-ல் லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் தன் நூலில் இந்த முறிவுகளை இரண்டாகப் பிரித்தார்: மூட்டைச் சுற்றியுள்ள உறைக்கு உள்ளே உடைவது, வெளியே உடைவது. வெளியே என்றால் எலும்பு கூடும். உள்ளே என்றால் பெரும்பாலும் கூடாது. பந்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய்கள் கழுத்தின் மேல் ஒட்டிக்கொண்டுதான் ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவையும் அறுந்துவிடும். ஒரே கேபிளில் ஓடுகிற சர்வர் மாதிரி. எக்ஸ்ரே வருவதற்கு 73 வருடம் முன்னாலேயே மனிதர் இதைப் பிடித்துவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதன்பிறகு வெகுகாலம் சிகிச்சை என்றால் படுக்கைதான். 1900-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ராயல் விட்மன் காலை அகட்டி, உடம்போடு சேர்த்து மாவுக்கட்டு போட்டார். வயதானவர்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் என்ன ஆகும்? படுக்கைப்புண், நிமோனியா. பலர் எழுந்திருக்கவே இல்லை.

1925-ல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் மூன்று இறக்கை வைத்த ஆணி ஒன்றை அடித்தார். உருண்டை ஆணி என்றால் பந்து அதைச் சுற்றித் திரும்பிவிடும், இறக்கை இருந்தால் திரும்பாது. ஆனால் மூட்டைத் திறந்துதான் அடிக்க வேண்டியிருந்தது. 1932-ல் ஸ்வீடனின் ஸ்வென் யோஹான்சன் அந்த ஆணியின் நடுவே துளை போட்டார். முதலில் மெல்லிய கம்பி, எக்ஸ்ரேயில் சரிபார்த்து, அதன்மேல் ஆணி. மூட்டைத் திறக்கவே வேண்டாம். சின்னத் துளைதான், பெரிய மாற்றம்.

ஆனாலும் கூப்பர் சொன்ன பிரச்சினை அப்படியே இருந்தது. ஆணி பிடித்துக்கொள்ளும், ரத்தம் கொடுக்காது. பந்தையே மாற்றும் வழி கட்டி ஆபரேஷனிலிருந்து வந்தது. 1940-ல் ஆஸ்டின் மூரும் ஹெரால்ட் போல்மனும் திரும்பத் திரும்ப வந்த கட்டி ஒன்றுக்காகத் தொடை எலும்பின் மேல்பகுதியையே எடுத்து உலோகத்தில் செய்ததை வைத்தார்கள். 1950-களில் மூர் உருவாக்கிய உலோகப் பந்து நம்மூர் ஆர்த்தோ வார்டுகளில் இன்றும் பழக்கமான பெயர்.

இப்போதைய கணக்கு ஏறக்குறைய இப்படி: கழுத்து விலகாமல் உடைந்திருந்தால் ஸ்க்ரூ. வயதானவருக்கு விலகியிருந்தால் பந்து. உறைக்கு வெளியே என்றால் பிளேட்டோடு நழுவும் ஸ்க்ரூ, அல்லது எலும்புக்குள் போகும் கம்பி.

அடுத்த சண்டை, பந்தை மட்டும் மாற்றுவதா, கிண்ணத்தையும் சேர்த்தா என்பது. 10 நாடுகளில் 1,495 பேரை வைத்து நடந்த ஹெல்த் ஆய்வு 2019-ல் வெளியானது. இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது முழு மாற்றத்தில் 7.9 சதவீதம், பாதி மாற்றத்தில் 8.3. அவ்வளவுதான் வித்தியாசம்! சிமென்ட் வைப்பதா வேண்டாமா என்பதில் விடை தெளிவு. 2022-ல் பிரிட்டனில் 1,225 பேரிடம் நடந்த ஆய்வில், சிமென்ட் வைத்தவர்களுக்கு உலோகத்தைச் சுற்றி எலும்பு உடைவது 0.5 சதவீதம், வைக்காதவர்களுக்கு 2.1.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி எதற்கென்று அப்புறம்தான் புரிந்தது. "விழறதுக்கு முன்னாடி தனியா வெளிய போய்ட்டு வருவீங்களாம்மா?" நன்றாக நடமாடியவருக்குத்தான் முழு மாற்றத்தை யோசிப்பார்கள். "எங்க தம்பி, வாசல் வரைக்கும் வாக்கர் வேணும்" என்றார் அத்தை. சிமென்ட் வைத்துப் பாதி மாற்றம் செய்தார்கள். மறுநாளே பிடித்து நிற்க வைத்தபோது, திட்டியபடியே நின்றார்.