எபிரேய மறைநூலில் கடவுளின் அறப்பண்பு: தந்தையர் குற்றமும் பிள்ளைகள் தண்டனையும்

கடவுளின் அறப்பண்பு எத்தகையது என்பது எபிரேய மறைநூலைப் படிப்போர் நெடுங்காலமாக விவாதித்து வரும் பொருளாகும். கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என அழைக்கும் இத்தொகுப்பில் இரக்கமுள்ள கடவுளும் உண்டு. கடுஞ்சினம் கொண்ட கடவுளும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டிப் பேசுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் இது ஒருவர் ஒரே காலத்தில் எழுதிய நூலன்று. பல நூற்றாண்டுகளில் பலர் எழுதியது. கடவுளைப் பற்றி முன்னோர் சொன்னதைப் பின்வந்தோர் மறுபடி எடுத்துச் சொல்லி, சில சொற்களை விட்டும் சில சொற்களைச் சேர்த்தும் திருத்தியுள்ளனர். தந்தை செய்த பாவத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியா என்ற கேள்வியில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

சீனாய் மலையில் சொன்னது

இக்கேள்வியின் மூலம் யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் உள்ளது. கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் இந்நூலின் பெயர் விடுதலைப் பயணம். மக்கள் பொற்கன்றுக்குட்டியை வணங்கிய பின்னர், கடவுள் மோசேயின் முன் கடந்து சென்று தம் பண்புகளைத் தாமே அறிவிக்கிறார். இரக்கமும் அருளும் மிக்கவர், எளிதில் சினம் கொள்ளாதவர், ஆயிரம் தலைமுறைக்கு அன்பு காட்டுபவர், பாவத்தை மன்னிப்பவர் என்று அந்த அறிவிப்பு தொடங்குகிறது. எபிரேயத்தில் மூக்குக்கும் சினத்துக்கும் ஒரே சொல்தான்; ஆகவே சினம் கொள்ளத் தாமதிப்பவர் என்பதை 'நீண்ட மூக்குடையவர்' என்று அம்மொழி சொல்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதுவே 'நீடிய சாந்தம்' ஆயிற்று.

அதே அறிவிப்பின் முடிவு வேறு விதமானது. குற்றவாளியைக் கடவுள் தண்டியாமல் விடமாட்டார். தந்தையரின் குற்றத்தை மூன்றாம், நான்காம் தலைமுறை வரை பிள்ளைகளிடம் விசாரிப்பார். ஆயிரத்தோடு ஒப்பிட நான்கு சிறிய எண் என்று விளக்கம் தருவோர் உண்டு. அந்த நான்காம் தலைமுறையில் பிறந்த பிள்ளைக்கு அந்த விளக்கம் போதாது.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் மறைநூலின் ஆசிரியர்களே. உபாகமம் 7ஆம் அதிகாரம் இதே வாய்பாட்டை எடுத்தாள்கிறது. ஆயிரம் தலைமுறைக்கான அன்பு அங்கே இருக்கிறது. பிள்ளைகள் மீதான தண்டனை இல்லை. தம்மை வெறுப்பவனுக்கு அவன் முகத்துக்கு நேராகவே கடவுள் பதில் செய்வார் என்று அது மாறிவிடுகிறது. மனிதர் நடத்தும் நீதிமன்றத்தில் தந்தைக்காக மகனையோ மகனுக்காகத் தந்தையையோ கொல்லக் கூடாது என்று அதே நூலின் 24ஆம் அதிகாரம் சட்டம் வகுத்தது.

மனாசேயின் கடன்

கேள்வி உயிர்ப் பிரச்சினையானது கி.மு. 6ஆம் நூற்றாண்டில். கி.மு. 597இல் பாபிலோனியர் யூதாவின் அரசனையும் ஒரு பகுதி மக்களையும் நாடு கடத்தினர். சுமார் பத்து ஆண்டுகளில் எருசலேமும் கோயிலும் அழிந்தன. ஏன் இப்படி நடந்தது? இராஜாக்கள் நூல் தரும் விடை, 55 ஆண்டுகள் ஆண்ட மனாசேயின் பாவம் என்பதாகும். அவனுடைய பேரன் யோசியா சிலை வழிபாட்டை ஒழித்த நல்ல அரசன் என்று அந்நூலே புகழ்கிறது. ஆயினும் மனாசேயால் மூண்ட சினம் தணியவில்லையாம். யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய அரசனால் கொல்லப்பட்டான்.

நாடிழந்த மக்களிடையே அப்போது ஒரு பழமொழி வழங்கியது. தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்பது அதன் பொருள். கேலியும் கசப்பும் கலந்த பேச்சு அது. எரேமியா, இனி வரும் நாட்களில் இப்பழமொழி வழங்காது என்றார். நாடு கடத்தப்பட்டவர்களோடு பாபிலோனில் வாழ்ந்த எசேக்கியேல் அந்த அளவோடு நிற்கவில்லை. அதை இப்போதே விட்டுவிடுங்கள் என்றார். நல்ல தந்தை, கொடிய மகன், நல்ல பேரன் என மூன்று தலைமுறையை வைத்து, அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்று ஒரு முழு அதிகாரத்தில் (18) வாதிடுகிறார். தீயவன் சாவதில் கடவுளுக்கு மகிழ்ச்சியில்லை என்பதும் அங்கேதான் வருகிறது. எனினும் எசேக்கியேலும் எங்கும் ஒரே குரலில் பேசவில்லை. 21ஆம் அதிகாரத்தில் நல்லவரும் தீயவரும் ஒரே வாளுக்கு இரையாவதாகக் கூறுகிறார்.

பாரசீகர் ஆட்சிக்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமம் மனாசேயின் கதையையே மாற்றிவிட்டது. அதில் அவன் சிறைப்பட்டு, மனம் திருந்தி, மன்னிப்பும் பெறுகிறான். நாட்டின் வீழ்ச்சிக்குக் கடைசி அரசன் சிதேக்கியாவும் அவன் காலத்து மக்களுமே பொறுப்பாக்கப்படுகின்றனர். கடவுளின் நீதியைக் காக்க வரலாறு திருத்தி எழுதப்பட்டது என்றே கொள்ளலாம்.

நினிவேயும் யோபுவும்

கி.மு. 612இல் வீழ்ந்த அசீரியத் தலைநகர் நினிவேயைப் பற்றிய இரு சிறு நூல்களும் சீனாய் வாய்பாட்டை எடுத்தாள்கின்றன. நாகூம் அதிலிருந்து பேரன்பை எடுத்துவிட்டுப் பேராற்றலை வைக்கிறது. யோனாவில் தண்டனைப் பகுதியே இல்லை. கடவுள் தீங்கு செய்ய எண்ணியதைக் கைவிடுபவர் என்ற சொல் சேர்கிறது. அதையும் யோனா புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, குறையாகவே சொல்கிறார். எதிரிக்கு இரங்கும் கடவுளை அவரால் பொறுக்க முடியவில்லை.

யோபு வேறு திசையிலிருந்து தாக்குகிறார். தீயவன் சுகமாக வாழ்ந்து சாகிறான். தண்டனை பிள்ளைகளுக்குச் சேமிக்கப்படுகிறது என்றால் அவனுக்கு அதில் என்ன கவலை என்று 21ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். கடவுளின் நீதிக்காக வாதாடிய நண்பர்களை இறுதியில் கடவுளே கண்டிக்கிறார் என்பது இந்நூலின் வியப்பு.

எல்லா இடங்களும் இவ்வாறு திருத்தம் பெறவில்லை. அமலேக்கியரின் குழந்தைகளையும் விடாமல் கொல்லுமாறு 1 சாமுவேல் 15இல் வரும் கட்டளை அப்படியே நிற்கிறது. சவுல் அரசன் குற்றம் சாட்டப்படுவது அதை முழுமையாக நிறைவேற்றாததற்காக. பழங்கால வழக்கம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

பின்வந்தோர்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன், எபிரேய நூல்களின் கடவுளும் இயேசுவின் தந்தையும் வேறு வேறானவர்கள் என்று கற்பித்து, அந்நூல்களை முற்றிலும் ஒதுக்கினார். கி.பி. 144இல் ரோமத் திருச்சபை அவரை விலக்கியது. அவரை மறுத்துத் தெர்த்தூலியன் ஐந்து நூல்கள் எழுதினார்.

யூத அறிஞர்கள் எதையும் ஒதுக்காமல் வேறு வழி கண்டனர். மோசே விதித்த நான்கை நான்கு தீர்க்கதரிசிகள் வந்து நீக்கினர் என்று பாபிலோனியத் தல்மூத்தின் மக்கோத் பகுதி கூறுகிறது. தந்தையர் குற்றம் பிள்ளைகள் மேல் வரும் என்பது அவற்றுள் ஒன்று. அதை நீக்கியவர் எசேக்கியேல். வழிபாட்டில் செய்த மாற்றம் இதைவிடத் துணிச்சலானது. யோம் கிப்பூர் போன்ற நாட்களில் சீனாய் வாய்பாட்டை இன்றும் ஓதுகின்றனர். ஆனால் 'குற்றமற்றவராக விடவே மாட்டார்' என்னும் தொடரில், ஒரே வினைச்சொல் அழுத்தத்துக்காக இருமுறை வர, நடுவில் 'மாட்டார்' என்னும் மறுப்பு நிற்கிறது. ஓதுவோர் முதற்சொல்லோடு நிறுத்திவிடுகின்றனர். மறுப்பு விடுபட, அத்தொடர் 'குற்றம் நீக்குபவர்' என்று பொருள் தருகிறது. பிள்ளைகளைப் பற்றிய பகுதி வாசிக்கப்படுவதே இல்லை.