திருகோணமலைக் கற்றோர் அவைகளில் ஆடவர் உடை

கற்றோர் கூடும் அவைக்கு ஆடவர் எவ்வுடை உடுத்துச் செல்லுதல் தகும் என்னும் வினாவுக்குத் திருகோணமலையின் கடந்தகாலம் தரும் விடை சற்று விசித்திரமானது. அவ்வுடையைக் கல்வி நிர்ணயித்ததாகத் தோன்றவில்லை, அவையைக் கூட்டியவர் எவரோ அவரே நிர்ணயித்தார்.

ஆதியில் அவையைக் கூட்டியது ஆலயம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன்சொல்ல, ஊரார் சூழ்ந்திருந்து கேட்கும் புராண படனமே அக்காலத்து வித்துவ சபையாதலின், எத்துணைப் பெரும் பண்டிதராயினும் மேலங்கி களைந்து, வேட்டி உடுத்து, சால்வையை இடையிற் கட்டி, திருநீறு துலங்க அமர்வதே அங்கு முறையாயிற்று. இதனைப் பண்டிதர்க்கே உரிய கோலமென்று பிற்காலத்தார் சிலர் போற்றுவது பொருந்தாது. கேட்க வந்த கமக்காரனும் அதே கோலத்திலேதான் இருந்தான். மரியாதை சந்நிதிக்கு உரியது, சாஸ்திரத்துக்கு அன்று.

1795இல் துறைமுகமும் கோட்டையும் ஆங்கிலேயர் வசமானபின், உத்தியோகமும் மிஷன் பாடசாலைகளும் கோட்டுச் சட்டையைக் கொணர்ந்தன. இவ்வூரிற் பிறந்து சென்னை சென்று புகழ்பெற்ற சகோதரர்களான தி. த. கனகசுந்தரம்பிள்ளையும், 1895இல் ‘மோகனாங்கி’ நாவலை வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளையும் வாழ்ந்த காலத்திலே, சென்னை நகரத்துத் தமிழ்ப் பண்டிதர்க்கும் கல்லூரி ஆசிரியர்க்கும் வேட்டியும் நீண்ட கோட்டும் தலைப்பாகையுமே சபைக்குரிய உடையாக வழங்கின. இடைக்குக் கீழே வீடு, இடைக்கு மேலே கச்சேரி என்னும்படியான இந்தச் சமரசத்தை நகைப்பார் நகைக்கலாம். எனினும், இரண்டு அதிகாரங்களுக்கு ஏககாலத்தில் விடைசொல்லக் கடமைப்பட்டவன் வேறென்ன செய்வான்? மேனாட்டு உடையை ஆராயாது பின்பற்றுவதைக் கண்டித்து ஆனந்த குமாரசுவாமி முதலியோர் 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவியபோதும், கோட்டின் ஆட்சி எளிதில் தளரவில்லை.

இவ்விதிக்குப் பெரும் விலக்காய் விளங்கியவர் சுவாமி விபுலாநந்தர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், கோட்டணிந்து வாழ்தற்குரிய தகுதி யாவும் பெற்றிருந்தும், 1924இல் சந்நியாசம் ஏற்று, அடுத்த ஆண்டிலே இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரிக்குக் காவியுடையோடே வந்தார். பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டின் தலைமையிலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பதவியிலும் அவர் துறவியாகவே அமர்ந்தார். அவையைக் கூட்டியவர் யாராயினும் அவர் கோலம் மாறவில்லை. ஆயினும் அதுவும் மடம் தந்த உடையே. மேனாட்டுப் பல்கலைக்கழகங்களின் கரிய அங்கியும் பழைய குருமார் உடையினின்று வந்ததன்றோ!

வெப்பத்தை மட்டும் கற்றோர் எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது வியப்பு. இத்துறைமுகத்திலே தளம் அமைத்திருந்த ஆங்கிலக் கடற்படை, கட்டுப்பாட்டிற் சிறிதும் தளராத ஸ்தாபனமாயினும், வெண்ணிறக் கட்டைக் களிசானையும் அரைக்கைச் சேட்டையும் உஷ்ணதேசச் சீருடையாக ஏற்றது. கற்றோர்க்கு அத்துணைத் துணிவு வரவில்லை. 1956க்குப் பின் ‘நாஷனல்’ சட்டையும் வேட்டியும் மேடையேறியமை சுதேசிய அரசியலின் பயனேயன்றிக் கச்சான் காற்றின் பயனன்று.

இந்நாளில் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் போன்ற இடங்களில் ஆய்வரங்கு கூடும்போது, கூட்டுவது உத்தியோகத் துறையாகிய பல்கலைக்கழகமாதலின், களிசானும் நீளக்கைச் சேட்டும் சப்பாத்தும் வழக்காயின. கட்டுரை படிக்க வரும் இளைஞனுக்கு இவையே போதும் என்பது என் அபிப்பிராயம். குளிரூட்டிய மண்டபமாயிற் கோட்டை அவன் விருப்பத்துக்கு விடலாம், விசிறி சுழலும் மண்டபத்தில் அதனை வற்புறுத்துவது அநியாயம். மங்கல விளக்கேற்றும் பிரமுகர் மாத்திரம் வேட்டி உடுக்க, ஆய்வைச் சொல்பவன் வேட்டியில் வந்தால் பழமைவாதியென எண்ணும் வழக்கத்துக்கோ நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.