கட்டிலில் கிடத்தப்பட்ட இதயங்கள்

இதயம் தளர்ந்தவர்களை அசையவிடக் கூடாது என்பது மருத்துவத்தின் தொன்மையான விதி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் டப்ளின் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் வெளியிட்ட இதயநோய் நூலிலேயே, சமதரையில் தொடங்கிச் சிறுகச் சிறுக நடையைக் கூட்டச் சொல்லியிருந்தார். படுக்கை ஓய்வு கடுமையான கட்டளையாக இறுகியது அதற்குப் பிறகுதான். மாரடைப்பில் சிதைந்த தசை ஆறித் தழும்பாக வாரக்கணக்கில் ஆகும் என்று 1930களின் பிரேதப் பரிசோதனைகள் காட்ட, நோயாளியைத் தானாகப் புரண்டு படுக்கவிடவும் அஞ்சினார்கள். இதயச் செயலிழப்புக்கும் அதே தீர்ப்பு: நியூ ஆர்லியன்சில் ஜார்ஜ் பர்ச் 1960களில் இதயம் வீங்கியவர்களை மாதக்கணக்கில் படுக்கவைத்தார். இதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. படுத்திருந்தால் சிறுநீர் கூடுதலாகப் பிரியும், கால் வீக்கம் வடியும். வீரியமான நீர்மாத்திரைகள் வராத காலத்தில் கட்டிலும் ஒரு மருந்தாகவே இருந்தது. அவர்கள் கண்ட நன்மை மெய். அதற்கு உடல் கொடுத்த விலையைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த விலை மெல்ல மெல்லத் தெரியவந்தது. 1952இல் பாஸ்டனின் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 81 மாரடைப்பு நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பயந்த விபரீதம் எதுவும் நேரவில்லை. 1966இல் டல்லாஸில் 20 வயது இளைஞர் ஐவர் ஆய்வுக்காக மூன்று வாரம் படுத்தே கிடந்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பைவிட அந்த மூன்று வாரமே அதிகம் பறித்திருந்தது. நலமான இளைஞருக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே தசை வற்றிய எழுபது வயதுக்காரரின் நிலையை நாம் யோசிக்க வேண்டும்.

நடமாடுகிறவர்கள் முதலிலிருந்தே உடல் நலத்தோடு இருந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. லண்டன் மாடிப்பேருந்துகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு ஓட்டுநர்களைவிட மாரடைப்பு குறைவு என்று 1953இல் காட்டிய ஜெர்ரி மோரிஸே, பிறகு சீருடை அளவுகளைப் புரட்டி, ஓட்டுநர்கள் அதிகப் பருமனாக இருந்ததையும் வெளியிட்டார். அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆகவே குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிப்பதுதான் வழி. 2009இல் வெளிவந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது, பலன் சிறிதுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்களின் இடைநிலை வயது 59, பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களே ஆய்வுக்கு வெளியே நின்றார்கள். அந்தக் குறை 2021 வரை நீடித்தது. அந்த ஆண்டு வெளியான ரீஹேப்-எச்எஃப் ஆய்வு, இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேரை எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய எல்லோரும் நலிந்தவர்கள் அல்லது நலிவின் விளிம்பில் இருந்தவர்கள், பாதிப்பேர் பெண்கள். நிலைதடுமாறாமல் நிற்பது, எழுவது, நடப்பது என்று ஆளுக்கேற்பப் பயிற்சி தந்ததில், மூன்றே மாதத்தில் உடலியக்கம் தெளிவாக மேம்பட்டது. மருத்துவமனைக்குத் திரும்ப வருவது குறையவில்லை என்பதும் உண்மை. அப்படியானால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். பிறர் கைப்பிடிக்காமல் எழுந்து குளியலறைக்குப் போக முடிவது ஒரு முதியவளுக்குச் சின்ன விஷயமல்ல. உங்கள் வீட்டு முதியவர் இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.